பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

மருந்துக்கடைப் பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. நடுவுல கொஞ்ச நாள் மொக்கை, கொஞ்ச நாள் சினிமா விமர்சனம்னு வண்டி ஓடிடுச்சு. இன்னிக்கு கொஞ்சம் சீரியஸ் மேட்டர். ஸ்மைலி கம்மியாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க மக்கா.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். வேளச்சேரி விஜயநகர் பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்து போற தூரத்துல ஒரு சின்ன மெடிக்கல் வெச்சிருக்கேன். பி.ஃபார்ம் படிச்சவன். டாக்டர் இல்லை. ஆனா டாக்டர்கிட்ட கேக்க வேண்டியதை எல்லாம் என்கிட்ட கேக்குற ஊர் இது. :-)

எங்க கடைக்கு திருநங்கைகள் நிறைய பேர் வருவாங்க. அவங்க பல வருஷமா திரும்பத் திரும்பக் கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு. "ஹார்மோன் மாத்திரை போட்டா ஈரல் அழுகிடுமாமே தம்பி, நிஜமா?"

இதை அவங்ககிட்ட யார் சொல்றா? சில சமயம் கூட இருக்குறவங்க. பல சமயம் டாக்டருங்களே. "ஹார்மோனா? ஈரல் போயிடும்மா, நிறுத்திடு"ன்னு சீட்டுகூட எழுதாம அனுப்பிடுறாங்க. ஈரல்ங்கிறது நம்ம ஊர்ல சும்மா ஒரு உறுப்பு இல்லையே. பயந்தா ஈரக்குலை நடுங்குதுன்னு சொல்ற ஜனம் நாம. அதனால அந்த வார்த்தையைக் கேட்டதும் பாதிப் பேர் பயந்து நிறுத்திடுறாங்க. மீதிப் பேர் டாக்டர்கிட்ட போறதை நிறுத்திட்டு, மாத்திரையை மட்டும் தொடர்றாங்க. ரெண்டுமே ஆபத்து. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

மாத்திரை போற பாதை

நாம முழுங்குற எந்த மாத்திரையும் குடல்ல உறிஞ்சப்பட்டு, உடம்பு முழுக்கப் போறதுக்கு முன்னாடி ஈரலுக்குத்தான் முதல்ல போகும். சுங்கச்சாவடி மாதிரி. அங்க பாதி மருந்து உடைஞ்சு போகும், மிச்சம்தான் வெளிய வரும். ஊசி, தோல்ல தடவுற ஜெல், ஒட்டுற பேட்ச் இதெல்லாம் அந்தச் சாவடியைச் சுத்திக்கிட்டு நேரா ரத்தத்துக்குப் போயிடும். ஒரே ஹார்மோன்தான், ஆனா எந்த வழியா போகுதுங்கிறதைப் பொறுத்து ஈரலுக்கு வேலை கூடும், குறையும்.

ரெண்டாவது விஷயம், எந்த ஹார்மோன். ஈஸ்ட்ரோஜன்னு ஒரே பேர்ல சொன்னாலும் உள்ள பல சரக்கு இருக்கு. எஸ்ட்ரடையால்ங்கிறது மனுச உடம்பே தயாரிக்கிறது. ப்ரோகினோவா மாத்திரையில இருக்குறது எஸ்ட்ரடையால் வேலரேட், உள்ள போனா எஸ்ட்ரடையாலா மாறிடும். ஈரலுக்கு இதை உடைக்கத் தெரியும். எத்தினைல் எஸ்ட்ரடையால்ங்கிறது ஆய்வகத்துல சின்ன மாற்றம் செஞ்ச சரக்கு. ஈரலால அதைச் சுலபமா உடைக்க முடியாது. அதுக்காகத்தான் அப்படிச் செஞ்சதே. கொஞ்சூண்டு போட்டாலே வேலை செய்யணும்னுதான் கருத்தடை மாத்திரையில அதை வெச்சாங்க. உடையாம சுத்திச் சுத்தி வர்றதால, ரத்தத்தை உறைய வைக்கிற புரதங்களை ஈரல் அதிகமா உற்பத்தி பண்ணும். அரிதா பித்தம் தேங்கிக் காமாலையும் வரலாம்.

நாலு மாத்திரைக் கணக்கு

இப்ப நம்ம ஊர் நிலவரத்துக்கு வருவோம். சீட்டு இல்லாம, கேள்வி இல்லாம, கம்மி விலைக்குக் கிடைக்குற பெண் ஹார்மோன் எது? மாலா-டி. அரசு ஆஸ்பத்திரியில இலவசமாக் கொடுக்குற மாலா-என்னும் அதே குடும்பம். குருமார் சொல்லி, சேலாக்கள் கேட்டு, தலைமுறை தலைமுறையா வர்ற வைத்தியம் இது.

மாலா-டி ஒரு அட்டையில 28 மாத்திரை. 21 ஹார்மோன், 7 இரும்புச்சத்து. ஹார்மோன் மாத்திரை ஒவ்வொண்ணுலயும் 0.03 மில்லிகிராம் எத்தினைல் எஸ்ட்ரடையால், 0.15 மில்லிகிராம் லெவோநோர்ஜெஸ்ட்ரல். கருத்தடைக்கு ஒரு நாளைக்கு ஒண்ணு. ஆனா "சீக்கிரம் மார்பு வரும்"னு நாளைக்கு மூணு, நாலு போடுறவங்க உண்டு. நாலு போட்டா எவ்வளவு? 0.12 மில்லிகிராம்.

இந்த எண்ணை ஞாபகம் வெச்சுக்குங்க. ஐரோப்பாவுல திருநர் சிகிச்சைக்குப் பேர் போன இடம் ஆம்ஸ்டர்டாம். அங்க ஒரு காலத்துல திருநங்கைகளுக்குக் கொடுத்தது நாளைக்கு 0.1 மில்லிகிராம் எத்தினைல் எஸ்ட்ரடையாலும் 100 மில்லிகிராம் சைப்ரோடெரோனும். அவங்க 816 திருநங்கைகளோட விவரங்களை வெச்சு 1997ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. நரம்புல ரத்தம் உறைஞ்சு கட்டிக்கிறது சாதாரண மக்களை விட 20 மடங்கு அதிகம்னு தெரிஞ்சுது. அப்புறம் உலகம் பூரா அந்த மருந்தை இந்த வேலைக்குக் கை கழுவிட்டு எஸ்ட்ரடையாலுக்கு மாறிட்டாங்க. அவங்க வேணாம்னு தூக்கிப் போட்ட அளவை விட அதிகமா நம்ம பிள்ளைங்க இன்னிக்கும் பெட்டிக்கடை மிட்டாய் மாதிரி முழுங்கிட்டு இருக்காங்க. டாக்டர் மேற்பார்வை இல்லாம. ரத்தப் பரிசோதனை இல்லாம.

டயான்-35ம் இதே கதைதான். முகப்பருவுக்கு எழுதுற மாத்திரை. அதுலயும் எத்தினைல் எஸ்ட்ரடையால் 0.035 இருக்கு, கூட 2 மில்லிகிராம் சைப்ரோடெரோன்.

சைப்ரோடெரோன்னதும் அதையும் சொல்லிடறேன். ஆண் ஹார்மோனை அடக்குற மருந்து அது. புராஸ்டேட் புற்றுநோய்க்கு நாளைக்கு 200, 300 மில்லிகிராம்னு கொடுத்தப்போ ஈரல் பாதிப்பு நிஜமாவே வந்திருக்கு. ஆனா திருநங்கைகளுக்கு 10 மில்லிகிராம் அளவே போதும்னு பின்னாடி வந்த ஆய்வுகள் காட்டிடுச்சு. 2020ல ஐரோப்பிய மருந்து முகமையும் இந்த மருந்துக்குக் கட்டுப்பாட்டை இறுக்குச்சு. அது மூளை உறையில வர்ற மெனின்ஜியோமா கட்டிக்காக. நம்ம ஊர்ல கிடைக்குறது 50 மில்லிகிராம் மாத்திரை. முழுசா ஒண்ணு, ரெண்டுன்னு போடுறவங்களை நான் பாத்திருக்கேன். இன்னொண்ணு, நிர்வாணம் ஆனவங்களுக்கு, அதாவது விரை நீக்கம் ஆனவங்களுக்கு, அடக்குறதுக்கு ஆண் ஹார்மோனே உடம்புல இல்லை. அப்புறம் எதுக்கு இந்த மருந்து? யாரும் சொல்லாததால பல வருஷமா போட்டுக்கிட்டே இருப்பாங்க.

ஒரு அக்கா

2015 டிசம்பர் வெள்ளம் எங்க ஏரியாவை என்ன பாடு படுத்துச்சுன்னு தெரியும். வெள்ளம் வடிஞ்சு ஒரு மாசம் இருக்கும். எனக்குப் பல வருஷப் பழக்கமான ஒரு அக்கா, கண்ணெல்லாம் மஞ்சளா வந்து நின்னாங்க. நாளைக்கு நாலு மாலா-டி பார்ட்டி. நிர்வாணம் ஆகிப் பல வருஷம் ஆச்சு. பக்கத்துல ஒரு கிளினிக்குக்குப் போயிருக்காங்க. அந்த டாக்டர் நாற்காலியை விட்டு எந்திரிக்கல, வயித்தைத் தொட்டுப் பாக்கல. "ஹார்மோன் போடுறல்ல, அதான். இனிமே வாழ்நாள் பூரா தொடாத"ன்னு அனுப்பிட்டார்.

அக்கா பயந்து அன்னிக்கே நிறுத்திட்டாங்க. காமாலைக்குப் பச்சிலை மருந்து குடிச்சாங்க. ஒரு வாரம் கழிச்சு வாந்தி நிக்கலைன்னு வேற ஆஸ்பத்திரிக்குப் போனப்போ ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. ஹெபடைடிஸ் ஈ. தண்ணியில வர்ற வைரஸ். அதே தெருவுல குடியிருந்த, ஹார்மோன்னா என்னன்னே தெரியாத ஒரு ஆட்டோக்காரருக்கும் அதே வாரம் அதே காமாலை!

ஆறேழு வாரத்துல காமாலை இறங்கிடுச்சு. கதை அங்க முடிஞ்சிருக்கணும். முடியல. "வாழ்நாள் பூரா தொடாத"ங்கிற வார்த்தை மட்டும் அப்படியே நின்னுடுச்சு. ஒரு வருஷத்துக்கு மேல அக்கா ஒரு ஹார்மோனும் எடுக்கல.

ஒரு விஷயத்தை யோசிச்சுப் பாருங்க. விரை நீக்கின உடம்புல ஆண் ஹார்மோன் கிடையாது. வெளிய இருந்து பெண் ஹார்மோனும் போகலைன்னா உடம்புக்கு ரெண்டுமே இல்லை. மாதவிடாய் நின்ன அம்மாக்களுக்கு வருமே, அந்த உடம்பு கொதிப்பு, தூக்கமில்லாமை, காரணமில்லாத அழுகை, அதெல்லாம் வரும். எலும்பு சத்தமில்லாம தேயும். "உள்ளுக்குள்ள யாரோ அடுப்பு வெச்ச மாதிரி இருக்கு தம்பி, வாழவே பிடிக்கலை"ன்னு அக்கா சொன்னப்போ எனக்குப் பதில் சொல்ல வாய் வரல. கடைசியில ஒரு அரசு ஆஸ்பத்திரியில ஹார்மோன் டாக்டரம்மா ஒருத்தர் முழுசாக் கேட்டுட்டு, ஈரல் பரிசோதனை எல்லாம் நார்மல்னு பாத்துட்டு, குறைஞ்ச அளவு எஸ்ட்ரடையால் ஆரம்பிச்சாங்க. அக்கா இப்பவும் கடைக்கு வர்றாங்க, என்னை விட நல்லா இருக்காங்க.

முதல் டாக்டர் சொன்னதுல பாதி சரி. காமாலை இருக்கும்போது மாத்திரையை நிறுத்தி வைக்கறது நியாயம். நாலு மாலா-டி நிச்சயமா நிக்க வேண்டியதுதான். ஆனா "நிறுத்து"ங்கறது எங்க முடியணும்? "பரிசோதனை பண்ணு, அப்புறம் மருந்தை மாத்து"ன்னுல்ல முடியணும்! ஹார்மோன்ங்கறது அவங்களுக்கு அலங்காரச் சாமான் இல்லையே, வேணாம்னா கழட்டி வைக்க.

ஒரு தம்பி

திருநம்பிகளுக்கும் இதே பயம் உண்டு. அவங்க எடுக்குறது டெஸ்டோஸ்டெரோன். டெஸ்டோவிரான் டெப்போ, சஸ்டனான், நெபிடோ எல்லாமே ஊசி. ஈரல் சாவடியைச் சுத்திப் போறவை. ஈரல் கெட்டுப் போன கதைகள் பெரும்பாலும் இந்த ஊசிகளோடது இல்லை. ஸ்டானசோலால், மெத்தில் டெஸ்டோஸ்டெரோன்னு வாய் வழியாப் போற மாத்திரைகளோடது. எத்தினைல் எஸ்ட்ரடையால் மாதிரியே இதுங்களும் ஈரலால உடைக்க முடியாதபடி மாத்தப்பட்டவை. பித்தத் தேக்கம், ஈரல்ல ரத்தக் குமிழி, கட்டின்னு பட்டியல் நீளம்.

ஜிம்முக்குப் போற ஒரு தம்பி இருந்தான். ஊசிக்கு டாக்டர் சீட்டு வாங்க வெக்கப்பட்டு, ஜிம்முல யாரோ கொடுத்த "உடம்பு ஏத்துற" மாத்திரையைப் போட்டுக்கிட்டு இருந்தான். "அண்ணா, ஊசிதானே டேஞ்சர், இது மாத்திரைதானே"ன்னு கேட்டான் பாருங்க. தலைகீழ்! இப்ப டாக்டர் பாத்து ஊசிதான் போடுறான். ஊசியில கவனிக்க வேண்டியது முக்கியமா ரத்தம் தடிக்கிறது, அதாவது சிவப்பணு கூடுறது. அதுக்கு ஹீமடோக்ரிட்னு ஒரு சின்னப் பரிசோதனை போதும்.

அப்போ நிஜக் குற்றவாளி யாரு?

தகுந்த மருந்தை, மேற்பார்வையோட எடுக்குறவங்களைத் தொடர்ந்து கவனிச்ச ஆய்வுகள்ல பெரிய அளவு ஈரல் பாதிப்பு அபூர்வமாத்தான் தெரியுது. தெரிஞ்ச இடத்துலயும் பல தடவை வேற காரணம் இருக்கு. நம்ம ஊர்ல அந்தக் "வேற காரணம்" வரிசை கட்டி நிக்குது.

ஹெபடைடிஸ் பி, சி: ரத்தம், ஊசி, உடலுறவு வழியாப் பரவும். தாயம்மா கையால கத்தியில நிர்வாணம் ஆனவங்க, ஒரே சிரிஞ்சைப் பகிர்ந்துக்கிட்டவங்க, பாலியல் தொழில்ல இருக்குறவங்க கண்டிப்பாப் பாத்துக்கணும். பி-க்குத் தடுப்பூசி இருக்கு, மூணு டோஸ்: இன்னிக்கு, ஒரு மாசம் கழிச்சு, ஆறு மாசம் கழிச்சு. 2011 வாக்குலதான் குழந்தைகளுக்கு நாடு முழுக்க இது வந்துச்சு. அதுக்கு முன்னாடி பிறந்தவங்க பலர் போட்டிருக்க மாட்டாங்க. சி-க்குத் தடுப்பூசி இல்லை, ஆனா பெரும்பாலானவங்களுக்கு 12 வாரம் மாத்திரையில குணமாயிடும். 2018 ஜூலை 28ல ஆரம்பிச்ச தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்துல பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

சாராயம்: இதுக்கு விளக்கம் வேணாம். வீட்டுல துரத்திவிடப்பட்டு, வேலை கிடைக்காம, ராத்திரி ரோட்டுல நிக்குறவங்க எதுக்குக் குடிக்கிறாங்கன்னும் விளக்கம் வேணாம்.

காசநோய் மருந்து: ஐசோநியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட் மூணுமே ஈரலைத் தொடக்கூடியவை. அதுலயும் ரிஃபாம்பிசின், எஸ்ட்ரடையாலை ஈரல் வேகமா உடைச்சுத் தள்ள வெச்சிடும். ஹார்மோன் வேலை செய்யலைன்னு நினைச்சு இவங்க அளவைக் கூட்டுவாங்க. ரெண்டு டாக்டருக்கும் ரெண்டு மருந்தும் தெரிஞ்சிருக்கணும்.

பச்சிலை: திட்டாதீங்க, கீழாநெல்லியைக் குறை சொல்ல வரல. நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்து எஸ்.பி.தியாகராஜன் குழுவும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடிச்சு நோபல் வாங்கின பிளம்பெர்க்கும் சேந்து 1988ல லான்செட்ல கீழாநெல்லி பத்தி எழுதினாங்க. பி வைரஸ் சுமந்தவங்க 37 பேர்ல 22 பேருக்குப் போயிடுச்சுன்னு. உலகமே திரும்பிப் பாத்துச்சு. ஆனா பின்னாடி வேற இடங்கள்ல செஞ்ச சோதனைகள்ல அந்தப் பலன் திரும்பக் கிடைக்கல. தானா இறங்குற காமாலைக்கு இலை பேர் வாங்கிக்கும். இறங்காத காமாலைக்கு அந்த ரெண்டு வாரம் வீணாப் போகும். அதான் என் கவலை.

ஆணா பெண்ணா கட்டம்

லேப் சீட்டுல ஒரு கட்டம் இருக்கும். ஆண்/பெண். இதுல டிக் பண்றது மனசு கஷ்டம் மட்டும் இல்லை, மருத்துவக் கஷ்டமும்கூட. ஈரல் பரிசோதனையில ஏ.எல்.டி.ன்னு ஒரு நொதி. அமெரிக்க ஈரல் மருத்துவர்கள் 2017ல சொன்ன கணக்குப்படி ஆணுக்கு உச்சவரம்பு 29 முதல் 33, பெண்ணுக்கு 19 முதல் 25. ஒரு திருநங்கைக்கு 30 வந்தா? ஒரு கட்டத்துல நார்மல், இன்னொரு கட்டத்துல அதிகம். கம்ப்யூட்டர் போடுற அந்தச் சின்ன ஸ்டார் குறியை வெச்சு "பாத்தியா, ஈரல் போச்சு"ன்னு முடிவு பண்றவங்க இருக்காங்க. ஒரு வாரம் பயங்கரமா எடை தூக்கினாலே இந்த எண் ஏறும், தசையிலயும் அந்த நொதி இருக்குறதால. எந்த ஹார்மோன், எத்தனை மாசமா, முன்னாடி எண் என்ன, இந்த மூணும் தெரிஞ்சாதான் அந்த 30க்கு அர்த்தம். அதனால பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்.

நம்ம மாநிலம்

லிவிங் ஸ்மைல் வித்யா நம்மளோட பதிவெழுதின காலத்துல, 'நான், வித்யா' புத்தகமா வந்த 2007ல, இதைப் பத்திப் பேசவே நம்மகிட்ட மரியாதையான வார்த்தை குறைவு. 2008ல நாட்டுலயே முதல் தடவையா இங்க திருநங்கைகள் நல வாரியம் வந்துச்சு. 2014ல உச்ச நீதிமன்றத்தோட நால்சா தீர்ப்பு. 2019ல வந்த சட்டத்தோட 15வது பிரிவு, ஹார்மோன் சிகிச்சையையும் அதுக்கு முன்னும் பின்னும் ஆலோசனையையும் அரசோட பொறுப்புன்னே எழுதுச்சு. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில திருநர்களுக்குன்னே தனிப்பிரிவு வந்துச்சு. வேளச்சேரியில பறக்கும் ரயில் ஏறினா பார்க் டவுன்ல இறங்கி நடந்துடலாம்.

இவ்வளவு இருந்தும் என் கவுண்டருக்கு மாலா-டி கேட்டு வர்றாங்கன்னா, ஏன்? ஆஸ்பத்திரி வரிசையில எந்தப் பக்கம் நிக்கறதுங்கற கூச்சம். "உனக்கு எதுக்கு இதெல்லாம்"ங்கற பார்வை. ஒரு நாள் கடை கேட்டல் போகலைன்னா அன்னிக்குச் சோறு இல்லைங்கற நிலைமை. இதெல்லாம் எந்த லேப் ரிப்போர்ட்லயும் வராது. ஆனா ஈரலைக் கெடுக்குறதுல இதுக்குப் பங்கு நிறைய.

அதனால தெரிஞ்சவங்க யாராவது கேட்டா இதைச் சொல்லுங்க. ஆரம்பிக்கும் முன்னாடி ஈரல் பரிசோதனை, ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை. கருத்தடை மாத்திரை வேண்டாம், எஸ்ட்ரடையால் கேளுங்க. ஏற்கனவே ஈரல்லயோ ரத்த உறைவுலயோ பிரச்னை இருந்தா ஜெல், பேட்ச் மாதிரி தோல் வழி முடியுமான்னு கேளுங்க. முதல் வருஷம் மூணு மாசத்துக்கு ஒரு தரம், அப்புறம் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தரம் டாக்டரைப் பாருங்க. கண் மஞ்சளானாலோ, கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிச்சாலோ, திடீர்னு மூச்சு வாங்கினாலோ அன்னிக்கே ஆஸ்பத்திரி. டாக்டர் "நிறுத்து"ன்னா, "சரிங்க டாக்டர், எதுக்கு மாத்தலாம்?"னு கேளுங்க. அந்த ஒரு கேள்வியைக் கேக்க தைரியம் இல்லாதவங்களோட நீங்க கூடப் போங்க. பக்கத்துல ஒரு ஆள் உக்காந்திருந்தா டாக்டர் பேசுற தோரணையே மாறுது, நான் பாத்திருக்கேன்.

டிஸ்கி: முன்னமே சொன்னேன், நான் டாக்டர் இல்லை. இதைப் படிச்சுட்டு யாரும் தானா மருந்தை மாத்தாதீங்க, தானா நிறுத்தவும் செய்யாதீங்க. சென்னையில முகம் சுளிக்காமப் பாக்குற டாக்டர்கள் தெரிஞ்சா பின்னூட்டத்துல சொல்லுங்க. பேரைக் கடைச் சுவத்துல ஒட்டி வைக்கிறேன்.